மிஞ்சும் பாலைப் பால்கோவாவாக்குங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் கரிசல் காட்டில் பசும்புல் தலைகாட்டும். சோளத்தட்டையும் தாராளமாகக் கிடைக்கும். கறவை மாடுகள் பால் கூட்டிக் கொடுப்பது இந்த மூன்று, நான்கு மாதங்களில்தான். ஆனால், கோவில்பட்டி வட்டாரத்தின் உட்கிராமங்கள் சிலவற்றில் பால் வண்டி காலையில் மட்டுமே வந்து செல்கிறது. மாலைப் பாலை என்ன செய்வது? உறை ஊற்றி மோராக்கினால் கைக்குக் கிடைப்பது சொற்பம். இந்தப் பாலைப் பால்கோவாவாகக் காய்ச்சி விற்க முடியுமா என்பதை நீங்கள் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

பால்கோவா என்றால் நம் பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்தான். அவ்வூர்ப் பால்கோவாவுக்கு 2019-ஆம் ஆண்டிலும், நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. எனவே, நீங்கள் காய்ச்சுவதை அவ்வூர்ப் பெயரில் விற்கக் கூடாது. உங்கள் ஊர்ப் பெயரிலேயே விற்பனை செய்யுங்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பத்து லிட்டர் பசும்பாலில் நீர் போக உள்ள திடப்பொருள் ஏறத்தாழ 1.3 கிலோதான். இதனுடன் 1.25 கிலோ சர்க்கரை சேரும். பதமான கோவாவில் ஐந்தில் ஒரு பங்கு ஈரம் நிற்கும். ஆக, சுமார் 3 கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும். இதற்காக எட்டு லிட்டருக்கு மேல் நீரை ஆவியாக்கியாக வேண்டும். ஆகவே, பால் விலை, சர்க்கரை விலையோடு விறகையும், அடுப்படியில் நிற்பவரின் கூலியையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வீட்டுப் பெண்கள் செய்யும் வேலைக்குக் கூலி போடாமல் ‘லாபம்’ என்று சொல்வது சரியான கணக்கு அன்று.

ஒன்பது லிட்டர் பாலில் ஒரு லிட்டர் நீரைக் கலந்து பத்தாக்கினால் என்ன ஆகும்? கோவாவில் 150 கிராமுக்கு மேல் குறையும். கலந்த நீரை விரட்ட விறகும் வீணாகும். கோவா காய்ச்சுபவர் தம் பாலில் நீர் கலப்பது தம்மையே ஏமாற்றிக்கொள்வதாகும்.

பால் புதியதாக இருக்க வேண்டும். முதல் நாள் மாலைப் பாலைக் காய்ச்சாமல் வைத்திருந்து, மறுநாள் காலைப் பாலுடன் சேர்த்தால், நம் ஊர் வெயிலுக்கு மொத்தமும் திரிந்துவிடக் கூடும். சந்தேகம் இருந்தால் ஒரு கரண்டிப் பாலைச் சிறு கிண்ணத்தில் விட்டு, கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்துப் பாருங்கள். திரிதிரியாகப் பிரிந்தால் அந்தப் பால் கோவாவுக்கு ஆகாது. சோடா உப்பைப் போட்டுச் சமாளிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. இது தவறு. கோவா கருத்து, சவுக்காரச் சுவை தட்டும்.

அகன்ற இரும்பு வாணலியைத் துருவில்லாமல் தேய்த்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து லிட்டருக்கு மேல் வேண்டாம். பருத்திமார் குப்பென்று எரிந்து உடனே தணிந்துவிடும். பால் பொங்கும், பிறகு அடங்கும். சீராக எரியும் சீமைக்கருவேல விறகே ஏற்றது. பால் கொதித்தது முதல் கை ஓயக் கூடாது. சட்டுவத்தால் அடியையும் ஓரத்தையும் வழித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரத்தில் படியும் ஆடையை அவ்வப்போது பாலிலேயே சேர்த்துவிடுங்கள். பால் மூன்றில் ஒரு பங்காகச் சுண்டியதும் சர்க்கரையைப் போடுங்கள். முன்னதாகப் போட்டால் நிறம் அதிகம் பழுக்கும். சர்க்கரை கரைந்ததும் கலவை மீண்டும் இளகும்; பயப்பட வேண்டாம். இந்தக் கட்டத்தில்தான் தீயைக் குறைக்க வேண்டும். பலர் இங்குதான் அவசரப்பட்டு அடிப்பிடிக்க விட்டுவிடுகிறார்கள். அடிப்பிடித்த வாடையை எந்த ஏலக்காயாலும் மறைக்க இயலாது. கலவை வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வந்ததும் இறக்கிவிடுங்கள். ஆறும்போது இன்னும் இறுகும்.

எருமைப் பால் கோவா வெண்மையாக இருக்கும், எடையும் கூடும். பசும்பால் கோவா இளமஞ்சளாகவும் சற்றுப் பிசுபிசுப்பாகவும் இருக்கும். எதில் செய்தீர்கள் என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். எடைக்காக மாவு கலப்போரும் உண்டு. சிறிது கோவாவை நீரில் கொதிக்கவைத்து, ஆறியபின் ஒரு சொட்டு அயோடின் விட்டால் நீல நிறம் காட்டிக்கொடுத்துவிடும்.

நல்ல கோவாவுக்கு அடிப்படை மாட்டுத் தீவனம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிக் கொடுப்பது கரிசல் வழக்கம். பாலின் கொழுப்புக்கு அது நல்லது. 1901 முதல் ஆராய்ச்சி நிலையம் நடந்துவரும் ஊர் கோவில்பட்டி. சோளமும் பருத்தியும் அங்கு முக்கியப் பயிர்கள். சோளத்தட்டையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: மழை பொய்த்து வாடி நிற்கும் இளஞ்சோளத்தில் மாட்டை விடக் கூடாது. அதிலுள்ள நஞ்சு சில நிமிடங்களில் உயிரைக் குடித்துவிடும். பூத்த பிறகு அறுத்துப் போடுங்கள்.

கோவாவைச் சூட்டோடு டப்பாவில் அடைத்து மூடினால் ஆவி நீராகி மேலே சொட்டும், பூசணம் பிடிக்கும். நன்றாக ஆறிய பின்னரே பொதியுங்கள். மூன்று, நான்கு நாட்களுக்குள் விற்றுத் தீரும் அளவே காய்ச்சுங்கள். விற்பனைக்குச் செய்வோர், எவ்வளவு சிறிய அளவாயினும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டுக் குழந்தைகளுக்கும் கன்றுக்கும் உரிய பாலை எடுத்துவைத்த பிறகு மிஞ்சுவதை மட்டுமே வாணலியில் ஊற்றுங்கள்.