கதவோரத்தில் எழுதியிருக்கும் 220

கேள்வி: ஐயா, போன வருடம் பழைய மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஒன்று வாங்கினேன். வாங்கும்போதே முன் டயர் இரண்டும் தேய்ந்திருந்ததால் அவற்றை மட்டும் புதிதாகப் போட்டேன். பின்னால் இருப்பவை காரோடு வந்தவை. பள்ளங்கள் இன்னும் தெரிகின்றன என்று விட்டுவிட்டேன். காற்றடிக்கும் கடையில் எப்போது போனாலும் நாலு சில்லுக்கும் 40 அடித்துவிடுகிறார்கள். "அப்பதான் எண்ணெய் மிச்சம், டயரும் உழைக்கும்" என்கிறார்கள். மழை நாளில் இரத்தோட்டை தாண்டி ரிவர்ஸ்டன் பக்கம் ஏறினால் முடக்குகளில் காரின் பின்பக்கம் வழுக்கிக்கொண்டு வெளியே போகிறது. இரண்டு தடவை நெஞ்சு பதறிவிட்டது. மழைக்குக் காற்றை 24 ஆகக் குறை என்கிறார் ஒரு நண்பர். 255 அகல டயர் போடு, ஒட்டிக்கொண்டு போகும் என்கிறார் இன்னொருவர். கதவோரத்து ஸ்டிக்கர் முழுக்க ஜப்பான் எழுத்து; 220 என்ற எண் மட்டும்தான் புரிகிறது. ஏப்ரலில் நுவரெலியாவுக்கும் போக இருக்கிறோம். அங்கே குளிருக்குக் காற்றை மாற்ற வேண்டுமா?
— ஒரு வாசகர், அலுவிகாரை

பதில்: தம்பி, ஸ்டிக்கரில் உங்களுக்குப் புரிந்த அந்த ஓர் எண்ணே முக்கால்வாசிப் பதில். 220 என்பது கிலோபாஸ்கல். 6.9 ஆல் வகுத்துப் பாருங்கள், 32 பீஎஸ்ஐ வரும். டயர் சூடாகும் முன், காலையில் வண்டி எடுக்கும்போது இருக்கவேண்டிய காற்று அது. டயரின் பக்கச் சுவரில் இன்னொரு பெரிய எண் பொறித்திருக்கும். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அளவு. அதையோ அதற்குக் கிட்டவோ அடிப்பது, அரிசி மூட்டையின் கொள்ளளவைப் பார்த்துச் சோறு வடிப்பது மாதிரி.

32க்கும் 40க்கும் அப்படி என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். உங்கள் காரின் எடை ஏறக்குறைய 1,310 கிலோ, அதாவது 2,900 இறாத்தல் அளவில். அந்த எடையைச் சதுர அங்குலத்துக்கு 32 இறாத்தல் அழுத்தம் தாங்க வேண்டுமானால் நாலு டயரும் சேர்ந்து 90 சதுர அங்குலம் தரையில் படிய வேண்டும். ஒரு டயருக்கு 22 சொச்சம், ஒரு தபாலட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. 40 அடித்தால் அது 18 ஆகிவிடும். டயரின் சுவரும் கொஞ்சம் எடை தாங்குவதால் உண்மையில் இவ்வளவு குறையாது. இது காகிதக் கணக்கு. ஆனாலும் திசை இதுதான். போதாததற்கு, விறைத்த டயர் மேடுபள்ளத்தில் பந்துபோல் துள்ளும். துள்ளும் நேரத்தில் பிடிப்பு ஏது? ஒட்டுப்போட்ட மலைப்பாதையில் முடக்கின் நடுவே அந்தத் துள்ளல் வந்தால், நீங்கள் எழுதியிருப்பதுதான் நடக்கும்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. எண்ணெய் கொஞ்சம் மிச்சமாகும். டயர் உழைக்கும் என்பது தவறு. நடுப்பகுதி மட்டும் வேகமாகத் தேயும்.

இனி நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். எனக்கு 40ஐவிடப் பெரிய கவலை, முன்னால் புதிது, பின்னால் பழையது என்பதுதான். ஸ்டியரிங் முன்னால்தானே, நல்லதை முன்னால் போடுவோம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். நனைந்த ரோட்டில் இது தலைகீழ். முன் டயர் பிடிவிட்டால் கார் நேராகப் போகப் பார்க்கும். காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பிவிடும். பின் டயர் பிடிவிட்டாலோ கார் சுழலும். பதறிக் காலை எடுத்தால் எடை முன்னுக்குச் சாய்ந்து சுழற்சி இன்னும் கூடும். உங்களுடையது பின்சில்லு இழுக்கும் கார். முடக்கில் பக்கவாட்டுப் பிடிப்பையும் கொடுத்து, தள்ளும் வேலையையும் செய்வது அந்தப் பழைய டயர் இரண்டும்தான். இரண்டு மட்டும் வாங்கக் காசிருந்தால், புதியவை பின்னாலேதான் போகவேண்டும். 18 அங்குலமோ 16 அங்குலமோ, கம்பனி கொடுத்த ஆர்எக்ஸ்-8 சில்லுகளில் நாலும் ஒரே அளவு. அதனால் இன்றைக்கே முன்னதைப் பின்னால் மாற்றச் சொல்லுங்கள்.

பள்ளம் தெரிகிறது என்பது போதாது. இறப்பருக்கு வயது உண்டு. வெயிலிலும் காற்றிலும் அது இறுகிப்போனால், ஆழம் இருந்தும் நனைந்த தாரில் சோப்புக்கட்டியாகிவிடும். பக்கச் சுவரில் டீஓடீ என்ற எழுத்துகளுக்குப் பின்னால் கடைசியாக நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது.

நண்பரின் 24க்கு வருவோம். மணலிலும் சேற்றிலும் காற்றைக் குறைப்பார்கள். அந்தப் பழக்கத்தை மழைக்கும் நீட்டிவிட்டார். ரோட்டில் தேங்கிய தண்ணீர் வேறு விஷயம். டயர் தண்ணீரை வெட்டி ஒதுக்கித் தரையைத் தொட வேண்டும். அதற்கு டயருக்குள் அழுத்தம் வேண்டும். விமான டயர்களை வைத்துக் கண்ட ஒரு சூத்திரம் உண்டு: பீஎஸ்ஐயின் வர்க்கமூலத்தை 10.35 ஆல் பெருக்கினால், தேய்ந்த டயர் தண்ணீரின் மேல் முழுதாக மிதக்கத் தொடங்கும் வேகம் மைலில் வரும். 32க்கு மணிக்கு 94 கிலோமீட்டர், 24க்கு 82. சட்டப்படி 70க்கு மேல் நீங்கள் போகமாட்டீர்கள் என்று நம்புகிறேன். ஆனால் முழுதாக மிதக்கும் முன்பே பிடிப்பு கரையத் தொடங்கிவிடும். நாலந்தா தாண்டித் தம்புள்ளை நோக்கி ஏ9இல் மழைக்குள் ஓடும்போது அந்த 12 கிலோமீட்டர் வித்தியாசம் சின்ன விஷயமல்ல. 24இல் வேறு தொல்லையும் உண்டு. சுவர் நெளிவதால் ஸ்டியரிங் திருப்பியபின் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். ஓரங்கள் தேயும், டயர் உள்ளுக்குள் சூடேறும்.

255 அகலமும் வேண்டாம். அகலக் காலுக்கு ஒதுக்கவேண்டிய தண்ணீரும் கூட. உங்கள் சில்லில் 225/45 ஆர் 18 என்று இருந்தால், 225 மில்லிமீட்டர் அகலம், அதில் 45 சதவீதம், அதாவது 101 மில்லிமீட்டர், சுவரின் உயரம். மஸ்டாவே இந்தக் காருக்கு 225/55 ஆர் 16 உம் கொடுத்தது. அதன் சுவர் 124 மில்லிமீட்டர். ரிவர்ஸ்டன் பக்கம் அடிக்கடி போகிறவருக்குக் குழியில் சில்லு நெளியாமல் காப்பது அந்த 23 மில்லிமீட்டர்தான். பார்க்க அழகு குறைவு, ஒத்துக்கொள்கிறேன். பெரிய பிரேக் தட்டு உள்ள ரகமென்றால் 16 உள்ளே நுழையாது. கடையில் ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பந்தயத்துக்கான மென்மையான டயர்கள் பக்கமும் போகாதீர்கள். அவற்றில் பள்ளம் குறைவு. மாத்தளை மழைக்குப் பள்ளம் வேண்டும்.

டயர் சரியில்லாவிட்டால் மற்றதெல்லாம் எப்படி வீணாகும் என்பதற்கு 2005 ஜூன் 19 நல்ல சாட்சி. இண்டியானாபொலிஸ் ஃபார்முலா ஒன் பந்தயம். 13ஆம் முடக்கின் சுமையை மிஷெலின் டயர்கள் தாங்கவில்லை. பயிற்சியில் ரால்ஃப் ஷூமாக்கரின் இடது பின் டயர் போய், கார் சுவரில் மோதியது. பந்தய நாளில் மிஷெலின் போட்ட 14 கார்களும் ஒரு சுற்றோடு ஒதுங்கிவிட, பிரிட்ஜ்ஸ்டன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. அதில் நாலாவதாக வந்தவர் கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன். ஃபார்முலா ஒன்னில் அவர் எடுத்த ஐந்து புள்ளிகளும் அன்றைக்கு எடுத்தவைதான். அவர் ஓட்டிய ஜோர்டான் அந்த வருடம் மெதுவான கார். அன்றைக்கு ஓடக்கூடிய டயர் அதன் காலில் இருந்தது, அவ்வளவுதான்.

நுவரெலியா. அங்கே மகாகஸ்தோட்ட மலையேற்றப் போட்டிக்கு வருகிறவர்கள் காற்றை அரை அரையாகக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் தொட வேண்டாம். 10 பாகை குளிர்ந்தால் ஒன்றரை பீஎஸ்ஐ இறங்கும் என்பது சரி. ஆனால் மாத்தளை 364 மீட்டர், நுவரெலியா 1,868. ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் கேஜில் காட்டும் அளவு ஏறும். இங்கே 28 பாகையில் 32 அடித்துவிட்டுப் போனால், அங்கே விடியலில் 12 பாகையிலும் ஏறக்குறைய 32தான் காட்டும். குளிர் எடுத்ததை உயரம் கொடுத்துவிடுகிறது. எனக்கு இந்தக் கணக்கில் எப்போதும் ஒரு சின்னச் சந்தோஷம்.

கேஜ் ஒன்று சொந்தமாக வாங்குங்கள். கடைக்குக் கடை காட்டும் எண் மாறும். விடியற்காலை, வண்டி நகரும் முன் பாருங்கள். ஓடிச் சூடான டயரில் 35 காட்டினால் இறக்கிவிடாதீர்கள். நாலிலும் 32 வைத்து ஒரு வாரம் ஓட்டுங்கள். அதன்பிறகும் பின்பக்கம் லேசாக இருப்பதாகத் தோன்றினால் பின்னால் மட்டும் ஒன்று குறைத்துப் பாருங்கள், ஒன்றுக்கு மேல் வேண்டாம்.

அந்த நான்கு இலக்கத்தையும் பார்த்து எனக்கு எழுதுங்கள். பின் டயரில் கடைசி இரண்டும் 17 அல்லது அதற்குக் கீழே என்றால், என் பதிலுக்குக் காத்திருக்காமல் கடைக்குப் போங்கள்.