பிளஸ்ஸைப் பிரி, மைனஸைச் சேர்

பிக்ஸல் எல்இடி ஸ்ட்ரிப் போட ஆசைப்பட்டு வருகிற பலரும் கேட்பது இதைத்தான்: "ஒரு எஸ்எம்பிஎஸ் பத்தலைன்னா இன்னொன்னையும் அதே வயர்ல சேர்த்து விட்டுரலாமா?" கடை போர்டோ கோவில் திருவிழா அலங்காரமோ, இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கணக்கு அப்படி. டபிள்யூஎஸ்2812பி பிக்ஸல் ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லி ஆம்ப் வரை இழுக்கும். மீட்டருக்கு 60 பிக்ஸல் வீதம் 5 மீட்டர் சுருளில் 300 பிக்ஸல். அதாவது 18 ஆம்ப். நான்கு சுருள் என்றால் 72 ஆம்ப். 5 வோல்ட் 40 ஆம்ப் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) ஒன்றை வைத்து ஒப்பேற்ற முடியாது.

ஆனால் இரண்டின் பிளஸ்ஸையும் முறுக்கி ஒன்றாக்கினால் 80 ஆம்ப் கிடைத்துவிடாது. ஒன்று 5.05 வோல்ட்டும் மற்றது 4.98 வோல்ட்டும் கொடுத்தால், கூடுதலாகக் கொடுப்பதே சுமை மொத்தத்தையும் தலையில் வாங்கிக்கொள்ளும். மற்றது வேடிக்கை பார்க்கும். முதலாவது திணறி வோல்டேஜை இறக்கிய பிறகுதான் இரண்டாவது கை கொடுக்கும். சில மாடல்கள் ஓவர்லோடு என்று அணைந்து அணைந்து எரியும். டெர்மினல் பக்கத்தில் இருக்கும் குட்டித் திருகைத் திருப்பி இரண்டையும் சமமாக்கிவிடலாம் என்று சொல்பவர்கள் உண்டு. சூடேறினால் அந்தச் சமமும் நகர்ந்துவிடும். சுமையைப் பகிர்வதற்கென்றே செய்த சப்ளைகள் இருக்கின்றன, டேட்டாஷீட்டிலேயே அப்படிச் சொல்லியிருக்கும். சொல்லாததை இணைக்காதீர்கள்.

நான் செய்வது, இரண்டு சுருளுக்கு ஒரு எஸ்எம்பிஎஸ். ஸ்ட்ரிப்பில் 5 வோல்ட், டேட்டா, கிரவுண்ட் என்று மூன்று தடங்கள் ஓடும். ஒரு சப்ளையின் எல்லை முடிந்து அடுத்தது தொடங்கும் ஜாயின்ட்டில் டேட்டாவையும் கிரவுண்டையும் மட்டும் சால்டர் செய்து, சிவப்பு வயரை விட்டுவிடுவேன். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்துப் பார்ப்பேன். இரண்டு பகுதிகளின் கிரவுண்டுகளைத் தொட்டால் 'பீப்' அடிக்க வேண்டும், பிளஸ்களைத் தொட்டால் அடிக்கக் கூடாது. ஒரே சப்ளையிலிருந்து சுருளின் இரு முனைக்கும் பவர் கொடுப்பது வேறு விஷயம். அதைத் தாராளமாகச் செய்யலாம், செய்யவும் வேண்டும். இல்லாவிட்டால் கடைசிப் பிக்ஸல்களில் வெள்ளை மஞ்சளாகும், பிறகு சிவக்கும். பிரைட்னஸைக் குறைத்து வைப்பதும் நல்லது. ஸ்ட்ரிப்பை ஓட்டும் கன்ட்ரோலரின் டபிள்யூலெட் மென்பொருளில் கரண்ட் வரம்பையே போட்டு வைக்கலாம்.

கிரவுண்டைச் சேர்க்கச் சொன்னால் சிலர் பயப்படுகிறார்கள். சேர்க்காமல் விடுவதுதான் ஆபத்து. டேட்டா வயரில் போகும் சிக்னலை ஸ்ட்ரிப் தன் கிரவுண்டை வைத்துத்தான் அளக்கிறது. பொதுக் கிரவுண்ட் இல்லையென்றால் கண்டபடி மினுக்கும். ஸ்ட்ரிப்பின் கறுப்பு வயர் கழன்றுவிட்டால் இன்னும் மோசம்: கரண்ட் திரும்பிப் போக டேட்டா பின் வழியாகவோ கன்ட்ரோலரின் மெல்லிய வயர் வழியாகவோ பாதை தேடும். கிரவுண்டை முதலில் மாட்டுங்கள், கடைசியாகக் கழற்றுங்கள்.

பலர் கணக்கில் எடுக்காத சப்ளை ஒன்று உண்டு: லேப்டாப். கன்ட்ரோலரான இஎஸ்பி32 போர்டுக்கு 5 வோல்ட் பின் வழியாக எஸ்எம்பிஎஸ் பவர் போய்க்கொண்டிருக்கும். அதே நேரம் புரோகிராம் ஏற்ற யுஎஸ்பி கேபிளையும் செருகுவார்கள். எஸ்பிரெசிஃப் நிறுவனம் தன் டெவ்கிட் போர்டுக்கு யுஎஸ்பி, 5 வோல்ட் பின், 3.3 வோல்ட் பின் ஆகிய மூன்றில் ஒன்றை மட்டுமே பயன்படுத்தச் சொல்லி எச்சரிக்கிறது. ஆர்டுயினோ ஊனோவில் காவல் இருக்கிறது: வின் பின்னில் வருவதைப் பாதியாக்கி 3.3 வோல்ட்டுடன் ஒப்பிட்டு, அதிகமாக இருந்தால் யுஎஸ்பி லைனை ஒரு மாஸ்ஃபெட் துண்டிக்கும். ஆனால் 5 வோல்ட் பின்னில் நேரடியாகக் கொடுத்தால் அந்தக் காவலுக்கு வேலையில்லை. நகல் போர்டுகளில் எதையும் நம்ப முடியாது.

லேப்டாப்பில் செருகும் யுஎஸ்பி-ஏ பிளக்குக்குள் நான்கு தகடுகள் தெரியும். ஓரத்தில் உள்ள இரண்டும் சற்று நீளம். அவற்றில் ஒன்று 5 வோல்ட், மற்றது கிரவுண்ட். எது எதுவென்று மீட்டரால் பார்த்து, 5 வோல்ட் தகட்டின் மேல் மட்டும் காப்டன் டேப்பை ஒட்டி ஒரு கேபிளைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்த வழி வைஃபையிலேயே புரோகிராமை ஏற்றிவிடுவது. கேபிளே வேண்டாம்.

கரண்ட் போனாலும் கன்ட்ரோலர் நிற்கக் கூடாது என்று பவர் பேங்க் வைக்கிறவர்களுக்கு டயோடு வேண்டும். கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு மாதிரி அது ஒரு பக்கம்தான் விடும். ஒவ்வொரு பிளஸ்ஸிலும் 1என்5822 ஷாட்கி டயோடு ஒன்று, சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும். அரை வோல்ட் வரை விழுங்கும் என்பதால் 4.5 வோல்ட்டில் போர்டின் ரெகுலேட்டர் தாக்குப்பிடிக்கிறதா என்று பாருங்கள். ஸ்ட்ரிப்புக்கு இந்த வித்தை உதவாது. 18 ஆம்பில் அரை வோல்ட் என்றால் 9 வாட் வெறும் சூடாகப் போகும்.

மெயின்ஸ் பக்கம் எல்லா எஸ்எம்பிஎஸ்ஸையும் எர்த் உள்ள ஒரே போர்டிலிருந்து எடுங்கள். எர்த் டெர்மினலைக் காலியாக விட்டால் உள்ளிருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர் வழியாக உறையில் மின்சாரம் கசியும், கை பட்டால் 'சுர்' என்னும். ஸ்ட்ரிப்புக்குப் போகும் ஒவ்வொரு பிளஸ் வயரிலும் அந்த வயர் தாங்கும் அளவுக்குள் ஒரு ஃபியூஸ் போடுங்கள். வயர் ஷார்ட் ஆனால் அதைச் சிவக்கச் சிவக்க எரிக்க 40 ஆம்ப் தாராளம்.