எழுத்தும் அதன் பாத்தியதையும்

பிறர் எழுதிய கதைகளையும் கட்டுரைகளையும் தேடித் தொகுத்து நூலாக்கும் பணியில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவன் நான். எழுத்தாளர்களோடும், அவர்கள் மறைந்தபின் அவர்களுடைய வாரிசுகளோடும், பிரசுரகர்த்தர்களோடும் உரிமை பற்றிப் பேசியும் கடிதம் எழுதியும் சம்மதம் பெற்றும் பழகியதில், தம் வாக்கியத்தில் ஒரு சொல்லை அச்சகத்தார் மாற்றிவிட்டாலும் பொறுக்கமாட்டாத எழுத்தாளர்கள்கூட, அந்த வாக்கியம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் மிகுந்த அலட்சியம் காட்டுகிறார்கள் என்பதைக் கண்டேன். பத்திரிகையிலிருந்து சன்மானம் வந்துவிட்டால் கதை பத்திரிகைக்கே போய்விட்டது என்று ஒரு சாராரும், பதிப்பகம் ஒருமுறை நூலாக வெளியிட்டுவிட்டால் பின்பு அதைப் பற்றிப் பேசத் தமக்கு வாயில்லை என்று மற்றொரு சாராரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இவ்விரண்டு நம்பிக்கைகளாலும் நல்ல எழுத்தாளர் பலர் தம் முதுமையில் கிடைத்திருக்க வேண்டிய பணத்தை இழந்திருக்கிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நம் நாட்டில் இவ்விஷயத்தை ஆள்வது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். 1958 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. ஒருவர் தம் சொந்த முயற்சியால் ஒன்றை எழுதி முடித்த அந்தக் கணமே அதன் உரிமை அவருக்கு உண்டாகிவிடுகிறது. சர்க்கார் அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டால்தான் உரிமை பிறக்கும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது; அது தவறு. பதிவு என்பது பின்னால் விவகாரம் வந்தால் காட்டுவதற்கு உதவும் சாட்சியமே. பதிவு செய்யாதவர்களுக்கு நான் சொல்வதெல்லாம், தேதியிட்ட கைப்பிரதியையும், படைப்பு வெளியான பத்திரிகை இதழையும், ஆசிரியர் குழுவிலிருந்து வந்த கடிதத்தையும் ஓரிடத்தில் பத்திரமாக வைத்திருங்கள் என்பதுதான்.

வெளியிலிருந்து கதை அனுப்பும் எழுத்தாளர், எழுத்து மூலமாக வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி, சன்மானம் பெற்றதனால் மட்டும் உரிமையை இழப்பதில்லை. பத்திரிகை அலுவலகத்தில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் நிலை வேறு என்றாலும், அங்கேயும் சட்டம் பலர் அறியாத ஒரு கருணையைக் காட்டியிருக்கிறது. மாற்று ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, அவர் பத்திரிகைக்காக எழுதியதைப் பத்திரிகைகளில் வெளியிடும் உரிமை மட்டுமே முதலாளிக்கு உரியது. மற்ற எல்லா வகையிலும், அதாவது நூலாக்குவது, மொழிபெயர்ப்பது, நாடகமாக்குவது ஆகியவற்றுக்கெல்லாம், எழுதியவரே முதல் உரிமையாளர். உதவி ஆசிரியராக ஆயுளைக் கழித்த ஒரு பெரியவரிடம் இதை நான் எடுத்துச் சொன்னபோது, தாம் எழுதிய தொடர்கதைகளை நூலாக்க எவரிடமோ அனுமதி கேட்கவேண்டும் என்று பல ஆண்டுகள் தயங்கியிருந்ததாக அவர் கூறினார்.

பதிப்புரிமை என்பது ஒற்றை உரிமை அன்று. பல உரிமைகளின் தொகுதி. அச்சிடுவது ஒன்று, மொழிபெயர்ப்பது ஒன்று, மேடையேற்றுவது ஒன்று, ஒலிப்பதிவு செய்வது ஒன்று, திரைப்படமாக்குவது ஒன்று. ஒவ்வொன்றையும் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம், தனித்தனியே கொடுக்கவும் செய்யலாம். இதற்குத் தமிழில் பாரதியின் பாடல்களைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. 1921இல் அவர் மறைந்தபின் நூல்களின் உரிமை குடும்பத்தாரிடமிருந்து அவருடைய தம்பி விசுவநாதன் கைக்குச் சென்றது. ஒலிப்பதிவு முதலிய உரிமைகளோ வேறு வழியாகக் கைமாறிப் படத் தயாரிப்பாளர் ஏ.வி.மெய்யப்ப செட்டியாரிடம் வந்து சேர்ந்தன. பாரதி பாடல்களை டி.கே.பட்டம்மாள் பாட 1947இல் அவருடைய 'நாம் இருவர்' படம் வெளிவந்ததும், அடுத்த ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலொன்று இடம்பெற்றதால் வழக்கு எழுந்ததும், தேசிய கவியின் பாட்டைப் பாட ஒருவரிடம் அனுமதி கேட்பதா என்று ஜனங்கள் கொதித்ததும் அதன் விளைவுகள். முடிவில் 1949இல் சென்னை சர்க்கார் உரிமையை ஏற்றது; செட்டியார் தம் பங்கைப் பணம் பெறாமலே விட்டுக்கொடுத்தார். அச்சு ஒருவரிடமும் ஒலி மற்றொருவரிடமும் இருக்க, பாட்டு மட்டும் எல்லோர் வாயிலும் இருந்த அந்த நிலையை எண்ணும்போதெல்லாம், எழுத்தாளர் எவரும் தம் உரிமைகளைப் பிரித்தறிந்து வைத்திருக்கவேண்டியது எவ்வளவு அவசியம் என்பது எனக்கு உறுதிப்படுகிறது.

ஆகையால் பதிப்பாளர் நீட்டும் ஒப்பந்தத்தில் 'சகல உரிமைகளும்' என்ற சொற்றொடரைக் கண்டால் அங்கேயே நின்று யோசியுங்கள். நிலத்தைக் குத்தகைக்கு விடுவதற்கும் கிரயம் செய்துகொடுப்பதற்கும் உள்ள பேதத்தை அறியாத குடியானவன் இல்லை. அந்தப் பேதம் எழுத்திலும் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்கு அச்சிட அனுமதிப்பது குத்தகை. எழுதிக் கையொப்பமிட்டு உரிமையையே மாற்றித் தருவது கிரயம். கையொப்பமிட்ட சாசனம் இல்லாமல் உரிமை மாற்றம் செல்லாது. வாய்ப்பேச்சிலேயே எல்லாம் நடந்துவிட்ட நம் பதிப்புலகில் இது எழுத்தாளருக்குப் பெரும் பாதுகாப்பு. சாசனம் எழுதியிருந்தாலும், காலம் குறிக்கப்படாவிட்டால் ஐந்து ஆண்டுகள் என்றும், எல்லை குறிக்கப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் கொள்கிறது. உரிமை வாங்கியவர் ஓராண்டுக்குள் அதைப் பயன்படுத்தாவிட்டால், வேறு நிபந்தனை எழுதப்படாத பட்சத்தில், அது எழுதியவரிடமே திரும்பிவிடும். 2012ஆம் ஆண்டுத் திருத்தமோ, ஒப்பந்தம் செய்த காலத்தில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதை வெளிப்படையாகக் குறிப்பிட்டிருந்தாலன்றி, அந்த ஒப்பந்தம் செல்லாது என்று வகுத்தது. கிடங்கில் கைப்பிரதி உறங்கிக்கொண்டிருப்பதைப் பற்றி என்னிடம் வருந்தியவர்களுக்கெல்லாம் முதலில் ஒப்பந்தத்தின் தேதியைப் பார்க்கச் சொல்வேன்.

மறைந்தவர்களின் படைப்புகளைத் தொகுப்பவர்களுக்கு வேலை இன்னும் கடினம். ஆசிரியர் மறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து அறுபது ஆண்டுகள் உரிமை நீடிக்கும். முன்பு ஐம்பதாக இருந்ததை, தாகூரின் நூல்கள் பொதுவாகும் தறுவாயில், 1992ஆம் ஆண்டுத் திருத்தம் அறுபதாக்கியது. 1954இல் மறைந்த கல்கியின் எழுத்து, சர்க்கார் நாட்டுடைமை ஆக்காமல் இருந்திருந்தாலும், 2014 முடிவோடு பொதுவாகியிருக்கும். அக்காலம் முடியாதவரை, எழுத்தாளர் உயில் எழுதாமல் போயிருந்தால், மூத்த மகனின் கையொப்பம் ஒன்று மட்டும் போதாது. பங்குள்ள எல்லா வாரிசுகளின் சம்மதமும் வேண்டும். அவர்களுள் ஒருவர் அயல்நாட்டில் இருந்தாலும் அவருக்கும் எழுதிக் கேளுங்கள். மொழிபெயர்ப்பைச் சேர்ப்பதானால் மூல ஆசிரியர், மொழிபெயர்ப்பாளர் என்ற இருவரின் அனுமதியும் வேண்டும். ஏனெனில் மொழிபெயர்ப்பும் தனக்கென உரிமையுடைய ஒரு படைப்பே.

காலஞ்சென்ற எழுத்தாளர் ஒருவரின் கடிதங்களைத் தொகுக்க நான் முற்பட்டபோது, அவற்றைப் பெற்ற நண்பர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். தம் கடிதம்தானே, கொடுக்கத் தமக்குப் பூரண உரிமை உண்டு என்றே அவர்கள் கருதினார்கள். கடிதம் பெற்றவருக்குச் சொந்தமானது காகிதம். அதில் எழுதப்பட்ட வாசகம் எழுதியவருக்கும் அவர் வாரிசுகளுக்குமே சொந்தம். இதைப் பணிவோடு விளக்கி, குடும்பத்தாரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பின்னரே அச்சுக்குக் கொடுத்தேன். ஆசிரியர் காலத்தில் வெளிவராத எழுத்துக்கு அறுபது ஆண்டுகள் கணக்கிடப்படுவது முதல் வெளியீட்டிலிருந்து என்பதையும் இவ்விடத்தில் சொல்லிவைக்கிறேன்.

தம் கதையைச் சினிமாக்காரர்கள் திருடிவிட்டார்கள் என்ற முறையீட்டோடு என்னைத் தேடி வந்தவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் எடுத்துச் சொல்வது 1978இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஆர்.ஜி.ஆனந்தின் வழக்கு. பஞ்சாபிக் குடும்பமும் மதராஸிக் குடும்பமும் பிள்ளைகளின் காதலால் மோதுவதை வைத்து அவர் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற நாடகத்தை எழுதினார்; வைஜயந்திமாலா நடித்து 1956இல் வந்த 'நியூ டெல்லி' படம் அதன் நகல் என்று வழக்குத் தொடுத்தார். மாகாண வேற்றுமை என்ற கருத்து எவருக்கும் தனிச் சொத்தாகாது, கருத்து எடுத்துரைக்கப்பட்ட வடிவத்துக்கே காப்பு உண்டு, படம் தன் போக்கில் வரதட்சிணை முதலிய வேறு விஷயங்களையும் கையாளுகிறது என்று கூறி நீதிமன்றம் அவர் வாதத்தை ஏற்கவில்லை. இது எழுத்தாளருக்குக் கசப்பான தீர்ப்பு என்றாலும் நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். கருத்துக்கே ஒருவர் வேலி கட்ட முடியுமானால் அடுத்தவர் எழுதுவதற்கு உலகில் இடமிராது. ஆகவே, நண்பர்களிடம் கதையை வாயால் சொல்லித் திரியாமல் காட்சிகளோடும் உரையாடலோடும் எழுதி முடியுங்கள்.

நாட்டுடைமையான நூல்களை எவரும் அச்சிடலாம் என்பதைக் கொண்டு, எப்படியும் அச்சிடலாம் என்று சில பதிப்பாளர்கள் எண்ணுவதைக் கண்டு மனம் நோகிறேன். அத்தியாயங்களைச் சுருக்கி, நடையை இன்றைய வாசகருக்கென்று மாற்றி, மாற்றியதைச் சொல்லாமலே பழைய ஆசிரியரின் பெயரில் விற்கிறார்கள். ஆசிரியர் என்று உரிமை கொண்டாடுவதும், தம் கீர்த்திக்குப் பங்கம் வரும்படி படைப்பைச் சிதைப்பதைத் தடுப்பதும், பதிப்புரிமையை முழுவதும் விற்றுவிட்ட பின்னும் எழுதியவரை விட்டு நீங்காத விசேஷ உரிமைகள்; அவர் காலத்துக்குப்பின் அவற்றை நிலைநாட்டச் சட்டப் பிரதிநிதிகளும் முன்வரலாம். தம் நாவலைத் தழுவிய படம் மூலத்தைச் சிதைத்துவிட்டதாக இந்தி எழுத்தாளர் மன்னு பண்டாரி தொடுத்த வழக்கில் 1986இல் தில்லி உயர் நீதிமன்றம் இந்த உரிமையை வலுவாக ஆதரித்துப் பேசியது.

இவ்வளவும் அறிந்தவர்கள் உயிரோடிருக்கும்போதே செய்துவைக்க வேண்டிய காரியம் ஒன்றுண்டு. நூல்களின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் யாரிடம் எந்த உரிமை எதுவரை கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற விவரம், தமக்குப்பின் அனுமதி தரும் அதிகாரம் பெறும் ஒருவரின் பெயர் ஆகியவற்றை உயிலில் எழுதிவைக்கவேண்டும். எழுத்து உடனே ஜனங்களுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று விரும்புகிறவர்கள் நாட்டுடைமைக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை. பதிப்புரிமைப் பதிவாளருக்கு உரிய முறையில் அறிவித்தோ பொது அறிவிப்பு வெளியிட்டோ, தம் உரிமைகள் முழுவதையுமோ சிலவற்றை மட்டுமோ தாமே துறந்துவிட இச்சட்டம் இடந்தருகிறது.