பின்சீட்டில் கேட்ட இங்கிலீஷ்

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். போன வருஷம் ஒரு நாள், பள்ளியிலிருந்து காரில் திரும்பும்போது பின்சீட்டில் என் மகன் யாரைப் போலவோ இங்கிலீஷ் பேசிக்காட்ட, தங்கை விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். யார் என்று கேட்டேன். மதுரையிலிருந்து புதிதாக வந்து வகுப்பில் சேர்ந்த பையனாம். மகன் பேசிக்காட்டியது அச்சு அசல் என் அப்பாவின் இங்கிலீஷ்.

அன்று ராத்திரி திட்டினேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான், அவ்வளவுதான். அந்த வார இறுதியில் நூலகத்திலிருந்து 'சேவ் மீ எ சீட்' எடுத்து வந்தேன். சாரா வீக்ஸும் கீதா வரதராஜனும் சேர்ந்து எழுதி 2016இல் வெளிவந்த நாவல். பெங்களூரிலிருந்து நியூ ஜெர்சிக்கு வரும் ரவியும், காதில் விழுவதைப் பிரித்துப் புரிந்துகொள்ளச் சிரமப்படும் ஜோவும் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஒரே ஒரு பள்ளி வாரம். ரவி பேசுவது புரியவில்லை என்று அவனைத் தனிப்பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். வகுப்பில் அமெரிக்காவில் வளர்ந்த இன்னொரு இந்தியப் பையன் இருக்கிறான். இவன்தான் எனக்கு நண்பன் என்று ரவி நம்ப, அவனோ ரவியைப் படுத்தி எடுக்கிறான்.

ரவி பகுதியை மகனும் ஜோ பகுதியை நானும் வாய்விட்டு வாசித்தோம். வாசித்தது இங்கிலீஷில், பேசிக்கொண்டது தமிழில். ரவி தன் பாட்டியைப் பெரிம்மா என்று அழைக்கிறான்; எங்கள் வீட்டில் பெரியம்மா என்றால் அம்மாவின் அக்கா. ஒரு ராத்திரி முழுக்க அதிலேயே போனது. போகட்டும், அவசரம் என்ன?

கதையின் பிற்பகுதியில், பெங்களூர்ப் பள்ளியில் தானும் ஒரு பையனைக் கேலி செய்தது ரவிக்கு நினைவு வருகிறது. அந்த இடத்தில் மகன் வாசிப்பதை நிறுத்தினான். "பாத்தியா, நீயும்..." என்பது என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். இதற்கு முன் வேறொரு புத்தகத்தில் அப்படிச் சொல்லப்போய், அதை அவன் மறுபடி தொடவே இல்லை. இரண்டு நாள் கழித்து அவனே, "அம்மா, அந்தப் பையன்கிட்ட நான் ஒரு தடவகூட நேரா பேசினதில்ல" என்றான்.

அதன்பின் புத்தகம் எடுக்கும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: வேற்று நாட்டுப் பிள்ளை இதில் பாவப்பட்ட பிள்ளையாக மட்டும் இருக்கிறதா, அதுவும் தப்பு செய்கிறதா? தப்பு செய்தால்தான் அது நிஜப் பிள்ளை. ஹெனா கானின் 'ஆமினாஸ் வாய்ஸ்' நாவலில், கொரியத் தோழி தன் பெயரை மாற்றிக்கொள்ள நினைப்பதும் வேறொரு பெண்ணோடு பழகுவதும் ஆமினாவுக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பொறாமையை மறைக்காததால்தான் அந்தப் புத்தகம் எனக்குப் பிடித்தது. 'எ பிளேஸ் அட் தி டேபிள்' கதையில் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண்ணும் யூதக் குடும்பத்துப் பெண்ணும் ஒரே சமையல் வகுப்பில் சேர்கிறார்கள். இருவரின் அம்மாக்களும் அமெரிக்கக் குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கிறார்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு இவை பொருந்தும். பண்டிகை, பலகாரம், புடவை என்று அடுக்கிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் எல்லோரையும் கைகோக்க வைக்கும் புத்தகங்களை நான் எடுக்காமல் திரும்ப வைத்துவிடுகிறேன். பிள்ளைகளும் அவற்றை நம்புவதில்லை.

நம் ஊர்ப் பிள்ளை வரும் கதையோடு நின்றுவிடாதீர்கள். மகனுக்கு இப்போது கெல்லி யாங்கின் 'ஃப்ரன்ட் டெஸ்க்' ஓடிக்கொண்டிருக்கிறது. கலிஃபோர்னியாவில் மோட்டல் வரவேற்பு மேஜையைப் பார்த்துக்கொள்ளும் சீனப் பெண்ணின் கதை. உங்கள் நூலகத்தில் இந்தப் புத்தகங்கள் இல்லையென்றால் நூலகரிடம் எழுதிக் கொடுங்கள். கேட்டால்தான் வாங்குவார்கள்.