கடற்கரைச் சாலையில் ஓர் ஆற்றுப்படை

பயணம் போக விரும்புவோர் முதலில் செய்வது தொலைவை அளப்பதாகும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம் என்று கணக்கிட்டுவிட்டால், திட்டம் முடிந்தது என எண்ணிக்கொள்கிறோம். எவ்விடத்தில் பசிக்கும், பசிக்கும் இடத்தில் என்ன கிடைக்கும், அப்போது கதிரவன் எத்திசையில் நிற்பான் என்பவற்றை எண்ணிப் பார்ப்பார் மிகச் சிலரே. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ் கற்பித்த நானும் ஒருமுறை அவ்வாறே புறப்பட்டேன்.

நம் முன்னோர் இதில் வேறு வகையினர். வழி கூறுவதற்கென்றே அவர்கள் ஓர் இலக்கிய வகையைக் கண்டனர். ஆறு என்பது வழி. ஆற்றுப்படுத்தல் என்பது வழிப்படுத்தல். வள்ளல் ஒருவனிடம் பரிசில் பெற்று மீள்கின்றவன், வறுமையோடு எதிரே வருகின்றவனைக் கண்டு, தான் பெற்ற வளத்தை அவனும் பெறுமாறு வழி சொல்லுவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையை இயற்றியவர் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்த நத்தத்தனார் ஆவர். ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடனைப் பாடிய அப்பாட்டு 269 அடிகளை உடையது.

அதில் கூறப்படும் வழி, கடலோரத்து எயிற்பட்டினத்தில் தொடங்கி, வேலூர், ஆமூர் ஆகிய ஊர்களின் வழியாகக் கிடங்கிலைச் சென்று அடைகின்றது. எயிற்பட்டினம் இன்றைய மரக்காணப் பகுதி என்று அறிஞர் கருதுவர். கிடங்கில் இந்நாளில் திண்டிவனத்தின் ஒரு பகுதியாக உள்ளது. வேலூர் என்றவுடன் பாலாற்றங்கரை வேலூரை நினைத்துவிடுதல் கூடாது. இஃது ஓய்மானாட்டு வேலூர். ஒவ்வோர் ஊரைச் சொல்லும்போதும் அங்கே யார் எதிர்கொள்வர், என்ன உணவு தருவர் என்பதையும் புலவர் கூறுகின்றார். கடற்கரையில் பரதவர் வீட்டில் சுட்ட உலர்மீன்; வேலூரில் புளி சேர்ந்த சுடுசோறும் இறைச்சியும்; வயல் சூழ்ந்த ஆமூரில் வெண்சோறும் நண்டும். வழியின் நீளத்தை அவர் எங்கும் எண்ணிட்டுக் கூறினாரில்லை.

இப்பாட்டை நான் எத்தனையோ முறை வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆயினும், 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் என் தமக்கையாரை அழைத்துக்கொண்டு அந்தச் சாலையிலேயே சென்றபோது, அஃது என் நினைவுக்கு வரவேயில்லை.

தமக்கையார் என்னினும் ஆறு ஆண்டு மூத்தவர். நெடுநாளாக நீரிழிவு நோய் உடையவர். நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். அந்நோய் விழித்திரையையும் தாக்கத் தொடங்கியிருந்தது. எதிரொளி பட்டால் அவர் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. “கண் இருக்கும்போதே கடலோரமாக ஒருமுறை போய்வர வேண்டும், தம்பி” என்று அவர் பன்முறை கூறியதுண்டு. கோடை விடுமுறையில் அவர் மகன் ஊருக்கு வந்திருந்தான். அவனே காரை ஓட்ட, காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம்.

கடற்கரைச் சாலை என்னும் பெயர் கேட்டு, வழிநெடுகக் கடல் தெரியும் என்று நம்பியிருந்தோம். உண்மை அதுவன்று. மதில்களும் சவுக்குத் தோப்புகளும் கடலை மறைத்து நிற்கின்றன. முட்டுக்காட்டுப் பாலத்தில் உப்பங்கழி தோன்றும். பின்னர் அங்கங்கே ஒரு கீற்றாக நீலம் தோன்றி மறையும். தெற்கு நோக்கிச் செல்வோர்க்குக் கடல் இடப்பக்கம். காலையில் கதிரவனும் இடப்பக்கமே. ஆகவே, கடலைப் பார்க்கும் போதெல்லாம் தமக்கையார் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டார். மாமல்லபுரத்தை அடைந்தபோது பாறைகள் காலைச் சுட்டன. மீன் வறுவல் உண்ணலாம் என்றால், அதுவும் நினைத்தபடி கிட்டவில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள், மீனினம் பெருகும்பொருட்டு, விசைப்படகுகள் கிழக்குக் கடலில் மீன்பிடிக்கச் செல்லுதல் கூடாது. இதை நாளிதழில் ஆண்டுதோறும் படிக்கின்றவன்தான் நான்.

மதிய உணவைப் புதுச்சேரியிலேயே கொள்ளலாம் என்றேன் நான். அதுவே அன்றைய பெரும்பிழை. கல்பாக்கத்தைக் கடந்து, பாலாற்றின் அகன்ற மணலையும் தாண்டிச் சென்றோம். நேரம் ஒன்றைக் கடந்தது. கடப்பாக்கத்தருகே தமக்கையாரின் பேச்சுக் குழறிற்று. நெற்றி முழுதும் வியர்வை, கை நடுங்கிற்று. இன்சுலின் உடலில் புகுந்த பின்னர் உணவு காலம் தாழ்ந்தால், குருதியிலுள்ள சர்க்கரை அளவுக்குக் கீழே இறங்கிவிடும். அப்போது இவ்வாறு நேரும். உடனே இனிப்புத் தராவிடின் நினைவே தவறிவிடும். இதை மருத்துவர் எங்களிடம் கூறியிருந்தார். ஆயினும் காரில் ஒரு கரண்டிச் சர்க்கரை இல்லை.

சாலையோரத்தில் தென்னங்கீற்று நிழலில் ஓர் அம்மையார் தர்ப்பூசணி விற்றுக்கொண்டிருந்தார். நாங்கள் சொல்லுமுன்னரே நிலைமையை உணர்ந்து, பனைவெல்லத்தைத் தட்டி நீரில் கரைத்துக் கொணர்ந்தார். “பெரியம்மா, கொஞ்சம் கொஞ்சமா விழுங்குங்க” என்று தம் தோளில் அவரைச் சாய்த்துக்கொண்டார். கால் மணி நேரத்தில் தமக்கையாருக்குத் தெளிவு வந்தது. பின்பு தமக்கென வைத்திருந்த கஞ்சியை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, சுட்ட கருவாட்டையும் உடன்வைத்துத் தந்தார். விலை கேட்டதற்கு, “பழம் வேணும்னா வாங்கிக்குங்க, கஞ்சிக்கு என்ன விலை?” என்றார்.

கஞ்சியை உண்ணும் தமக்கையாரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எதிரே இருந்த ஊர்ப்பலகை என் கண்ணில் பட்டது. இடைக்கழிநாடு என்று அதில் எழுதியிருந்தது. நத்தத்தனார் பிறந்த நாட்டில், கடலோரத்துப் பெண்ணொருத்தி சுட்ட உலர்மீனைத் தர, அதைப் பாடம் நடத்தியவன் வழியறியாமல் நின்றிருந்தேன். அன்று புதுச்சேரிக்குச் செல்லவில்லை; வந்த வழியே திரும்பினோம்.

வீடு சேர்ந்த பிறகு சில நாள் நான் வருந்தியிருந்தேன். தமக்கையாரோ, “மறுமுறை எப்போது?” என்றார். இம்முறை தொலைவுக் கணக்கை ஒதுக்கிவைத்து, மூவரும் உட்கார்ந்து ஒளியையும் உணவையும் நிழலையும் கொண்டு திட்டம் வகுத்தோம்.

பருவத்தை முதலில் முடிவு செய்தோம். ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் வடகிழக்குப் பருவமழைக்கும் புயலுக்கும் உரியவை. 2011 திசம்பர் 30 அன்று தானே புயல் கரையேறி அழித்தது இதே கடலூர், புதுச்சேரிக் கரையைத்தான். சித்திரையிலும் வைகாசியிலும் வெயில் மிகுதி. நல்ல மீனும் குறைவு. ஆகையால் தை, மாசியே தக்க காலம். 2018 பிப்ரவரியில் ஒரு நாளைக் குறித்தோம்.

அடுத்தது ஒளி. காலையில் கடலை நோக்கினால் வெயில் கண்ணில் எதிர்க்கும். நண்பகல் கழிந்து கதிரவன் முதுகுப்புறம் சென்ற பின்னரே நீரின் உண்மையான நீலம் புலப்படும். எனவே, கதிர் எழும் காட்சியை மட்டும் கடலில் காண்பது, பின்னர் முற்பகல் முழுதும் நிலத்தைக் காண்பது, மறுபடியும் பிற்பகலில் கடலைக் காண்பது என்று முறை வைத்தோம். இது தமக்கையார் சொன்ன முறை. கண் நலிந்தவர்க்கே ஒளியின் போக்கு நன்கு தெரிகின்றது.

விடியுமுன் ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். கோவளத்துக் கரையில் வெளுத்துவரும் வானத்தைப் பார்த்து அமர்ந்தோம். இரவில் கடலுக்குச் சென்ற படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறின. வலையிலிருந்து மீனைப் பிரித்தெடுப்பவர்களின் பேச்சு, நண்டுக்கு விலை கூறும் குரல், ஈர மணலின் மணம் ஆகிய இவை கண்ணின் துணை வேண்டாதவை. தமக்கையார் அங்கிருந்து எழுவதற்கு மனமின்றி எழுந்தார்.

ஏழரை மணிக்கு மாமல்லபுரத்தில் சிற்றுண்டி. இட்டலி இலையில் வந்த பிறகே தமக்கையார் ஊசி போட்டுக்கொண்டார். இது எங்கள் திட்டத்தின் முதல் விதி. கடற்கரைக் கோயிலைக் கட்டியவன் இராசசிம்மன் எனப்படும் இரண்டாம் நரசிம்மவர்மன். காலம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். அதன் பெரிய சன்னிதி கிழக்கு நோக்கியது. ஆதலால், இளவெயில் நேரே அதன் முகப்பில் விழுந்து, உப்புக் காற்று அரித்த சிற்பங்களையும் எடுத்துக்காட்டுகின்றது. முன்பு பகலில் பார்த்துப் பயன்பெறாத அதே கல்லைத் தமக்கையார் அன்று நெடுநேரம் பார்த்தார். இதற்குச் சற்று வடக்கே சாளுவன்குப்பத்தில், 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை மணலை அள்ளிச் சென்ற பின்பு, 2005இல் செங்கற்கோயில் ஒன்று தோண்டி எடுக்கப்பட்டது. அதனைக் காண நேரமில்லை. எல்லாவற்றையும் காண விரும்பினால் ஒன்றையும் காண்டல் இயலாது.

நண்பகலைச் சாலைக்குக் கொடாமல் நிழலுக்குக் கொடுத்தோம். கடப்பாக்கத்தை அடுத்துள்ள ஆலம்பரைக் கோட்டை அதற்கு ஏற்ற இடம். 1750இல் முசாபர் சங்கு அதனைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயிடம் அளித்தான். 1760இல் ஆங்கிலேயர் அதனை இடித்தனர். இடிந்த மதிலும் உப்பங்கழியும் சேர்ந்து ஓர் அழகைத் தருகின்றன. ஆயினும், கோட்டைக்குச் செல்லுமுன் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தினோம். தர்ப்பூசணிக்காரர் எங்களை மறக்கவில்லை. “பெரியம்மா, இன்னைக்குச் சாப்பிட்டாச்சா?” என்பதே அவருடைய முதற்கேள்வி.

தமக்கையார் விடியலில் எழுந்து புளிச்சோறு கட்டிக் கொணர்ந்திருந்தார். நல்லெண்ணெயில் தாளித்த அச்சோறு பகல் முழுதும் கெடாது. சவுக்கு நிழலில் நால்வரும் அமர்ந்து அதனை உண்டோம். அவ்வம்மையார் இம்முறையும் கருவாடு சுட்டார். மரக்கிளையின்கீழ்ப் பாய் விரித்து மூன்று மணி வரை இளைப்பாறினோம்.

பிற்பகல் வெயிலில் மரக்காணத்து உப்பளங்கள் கண்ணை உறுத்தாத வெண்மையோடு விளங்கின. பாத்திகளில் வாரி ஒதுக்கிய உப்பு வரிவரியாகக் கிடந்தது. நத்தத்தனார் காட்டும் பாணன், வீட்டில் உப்பின்றி வெந்த கீரையை உண்ட குடும்பத்தை உடையவன். பிறர் காணாதபடி கதவடைத்து உண்டவர்கள் அவர்கள். அவன் எதிர்வந்தவனுக்குக் காட்டும் வழி இந்த உப்பு விளையும் கரையில் தொடங்குகின்றது. வகுப்பில் இதை நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. உப்பளத்தைக் கண்ணாற் கண்டபோதுதான் தோன்றிற்று.

மாலையில் புதுச்சேரியை அடைந்தோம். அங்கே கடற்கரைச் சாலையில் மாலையில் வண்டிகளை விடுவதில்லை. முதியோர் அச்சமின்றி நடக்கலாம். மறுநாள் வைகறையில் புறப்பட்டு, கடலூர் வழியாக எட்டரை மணிக்குப் பிச்சாவரம் சேர்ந்தோம். தில்லையும் சுரபுன்னையும் இருபுறமும் வேர் ஊன்றிக் கவிந்த கழியில் படகு சென்றது. வெயில் ஏறுமுன் அங்கே இருத்தல் நன்று. நண்பகலில் கிள்ளையில் ஒரு சிறிய உணவகத்தில் வெண்சோறும் நண்டுக் குழம்பும் கிடைத்தன. சுட்ட உலர்மீன், புளிச்சோறு, நண்டு என்று விரல் மடக்கி எண்ணிய என்னைத் தமக்கையார் மகன் வியந்து பார்த்தான். சிதம்பரத்தில் சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும் உண்டது பாட்டில் இல்லாத கூடுதல்.

ஊர் திரும்பிய மறுவாரம், பக்கத்து வீட்டுப் பெரியவர் தம் மனைவியோடு அச்சாலையில் செல்ல விரும்பி, எத்தனை கிலோமீட்டர் என்று என்னை வினவினார். நான் வாய்திறக்குமுன் தமக்கையார் உள்ளிருந்து ஒரு பழைய நாட்காட்டித் தாளோடு வந்தார். “கிலோமீட்டர் கிடக்கட்டும். முதலில், காலையில் எத்தனை மணிக்குப் பசிக்கும் என்று சொல்லுங்கள்” என்று கேட்டுக்கொண்டே அதன் பின்புறத்தில் எழுதத் தொடங்கினார்.