ஆண்டறிக்கை எழுதப் போகிறவருக்கு

துறைத் தலைவர் கூப்பிட்டு, "நீங்கதான் தமிழ் நல்லா எழுதுவீங்க" என்று ஒரு பைலை நீட்டினால், பல்கலைக்கழகத்தின் ஆண்டறிக்கை உங்கள் தலையில் விழுந்துவிட்டது என்று பொருள். 19 ஆண்டு அதைச் சுமந்தவன் சொல்கிறேன்.

1. ஜூலையிலேயே ஒரு நோட்டுப் போடுங்கள். எது நடந்தாலும் அன்றே ஒரு வரி. மார்ச்சில் துறைதோறும் சுற்றறிக்கை விட்டால் பாதி ஞாபகமும் பாதி கற்பனையும்தான் திரும்பி வரும்.

2. தர மதிப்பீட்டுக்காக நாக் அமைப்புக்குப் போகிற அறிக்கையில் அவர்கள் கேட்ட கட்டத்தை நிரப்புங்கள், போதும். பட்டமளிப்பு விழாவில் துணைவேந்தர் வாசிப்பது வேறு. அதில் அவர் மூச்சு விட இடம் வையுங்கள்.

3. மரக்கன்று எண்ணிக்கையை எழுதுமுன் போன வருடக் கன்றைப் போய்ப் பாருங்கள். எங்கள் விடுதிக்குப் பின்னால் ஒரு குழி உண்டு. மூன்று ஆண்டு, மூன்று சிறப்பு விருந்தினர்கள், அதே குழி. மூன்று படத்திலும் பின்னால் அதே தண்ணீர்த் தொட்டி. மூன்று அறிக்கையையும் எழுதியவன் நான்தான். இப்போது ஜியோடேக் படம் கேட்கிறார்கள். அது குழி இருக்கிற இடத்தைச் சொல்லும்; செடி பிழைத்ததா என்று சொல்லாது.

4. ரத்ததான முகாமில் கொடுத்தவர்கள் பட்டியலை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பாதீர்கள். நான் அப்படித்தான் கிளம்பினேன். மேசையிலிருந்த நர்ஸ் கூப்பிட்டு இன்னொரு தாளை நீட்டினார்: திருப்பி அனுப்பப்பட்டவர்கள். ஹீமோகுளோபின் 12.5 இருந்தால்தான் ரத்தம் எடுப்பார்கள். தாளில் 10, 9.2, 8.8 என்று இறங்கிக்கொண்டே போனது. முக்கால்வாசி பெண் பிள்ளைகள். ஒருத்தியிடம், காலையில் என்னம்மா சாப்பிட்டாய் என்றேன். "ஆறரை பஸ் சார்" என்றாள். வேறு பதில் தேவைப்படவில்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு நாட்டு நலப்பணித் திட்ட (என்.எஸ்.எஸ்.) மாணவிகள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அலைந்து இரும்புச்சத்து மாத்திரை வாங்கி வந்தார்கள். அடுத்த பருவத்தில் கேன்டீனில் காலை எட்டரைக்குச் சுண்டல் வந்தது. படிவத்தில் சுண்டலுக்குக் கட்டம் இல்லை. நான் எழுதினேன், நீங்களும் எழுதுங்கள்.

5. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் கொடுப்பது அரசு. அதை நம் கணக்கில் ஏற்றாதீர்கள். வங்கிக் கணக்கில் பெயர் மாறிப்போய்ப் பணம் நின்ற மாணவிக்காக ஓடி ஓடிச் சரிசெய்த கிளார்க் யாராவது இருந்தால், அவரை ஏற்றுங்கள்.

6. என்.எஸ்.எஸ்.ஸில் ஏழு நாள் முகாம் போட்டு ஊரையே மாற்றினோம் என்று எழுதுவதற்குமுன் வரைவை அந்த ஊரில் படித்துக் காட்டுங்கள். நான் படித்தபோது பெரியவர் ஒருவர் கேட்டார்: "வாய்க்கால் வெட்டுனது சரி. எங்காளுங்க எட்டுப் பேரும் கூட நின்னு வெட்டுனாங்களே, அது எங்க?" 1969-இல் காந்தி நூற்றாண்டில் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய என்.எஸ்.எஸ்.ஸின் குறிக்கோளே 'நான் அல்ல, நீ'. நம் அறிக்கைகளில் வரிக்கு வரி 'நாங்கள்'. முகாம் போக, தொண்டர் ஒருவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரப் பணி உண்டு. அது எங்கே போனது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

7. கோப்பை வாங்கிய அணிக்குப் படம் போதும்.

8. பெயரையும் இனிஷியலையும் மூன்று முறை பாருங்கள். அச்சான பிரதியோடு ஒருவர் என் அறைக்கே வந்தார். கொத்தனார், வேலைக்கு நடுவே வந்திருக்க வேண்டும், கை மடிப்பில் சிமென்ட். பதக்கப் பட்டியலில் மகளின் இனிஷியல் 'மா.'வுக்குப் பதில் 'மு.' என்று விழுந்திருந்தது. மாறிப்போனது அவர் பெயர்தானே. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பேனா இருக்கா சார்?" என்று வாங்கி, நின்றபடியே திருத்தினார். மை காயும்வரை ஊதிவிட்டு, அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி மடித்துக்கொண்டு போனார்.