கதிரவன் வரையும் நீலப்படம்

கடற்பாசிகளின் கிளைகள் மயிரினும் நுண்ணியவை. அவற்றைப் பிழையின்றிக் கையால் வரைதல் கைதேர்ந்த ஓவியர்க்கும் அரிது. இங்கிலாந்தில் வாழ்ந்த அன்னா அட்கின்ஸ் என்னும் அம்மையார் பாசிகளைப் பற்றி நூல் செய்ய முனைந்தபோது இவ்வருமையை உணர்ந்தார். அவருக்குத் துணை நின்றது, வானநூல் அறிஞராகிய சர் ஜான் ஹெர்ஷல் 1842ஆம் ஆண்டிற் கண்டுபிடித்த நீல அச்சு முறையாகும்.

அக்காலத்தில் ஒளிப்படம் எடுப்பதற்குப் பெரும்பாலும் வெள்ளி உப்புக்களே பயன்பட்டன. ஹெர்ஷலோ விலை குறைந்த இரும்பு உப்புக்களைக் கையாண்டார். பெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் பெர்ரிசயனைடு ஆகிய இரண்டையும் தனித்தனியே நீரிற் கரைத்துக் கலந்து, மங்கிய ஒளியில் தாளின்மேற் பூசி, இருளில் உலர்த்துவர். அத்தாளின்மேல் பாசியைப் பரப்பிக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வைப்பர். ஒளிப்படப் பெட்டியும் இதற்கு வேண்டுவதில்லை.

வெயில் பட்டவுடன் தாளில் நிகழ்வது யாது? பெர்ரிக் நிலையிலுள்ள இரும்பு அணு மூன்று எலெக்ட்ரான்களை இழந்தது. பெர்ரஸ் நிலையிலுள்ளது இரண்டையே இழந்தது. கதிரவனின் புற ஊதாக் கதிர்கள் தூண்ட, சிட்ரேட் தன் எலெக்ட்ரானைப் பெர்ரிக் இரும்புக்கு ஈகின்றது. அதனால் பெர்ரஸ் நிலையை அடைந்த இரும்பு, பெர்ரிசயனைடுடன் கூடிப் புருசிய நீலம் என்னும் நிறப்பொருளாகின்றது. இது நீரிற் கரையாது. தாளின் இழைகளைப் பற்றி நிற்கும். பாசி மறைத்த இடத்திலோ உப்புக்கள் மாறாமல், கரையும் தன்மையோடே இருக்கும். தாளை நீரில் அலசினால் அவை நீங்கிவிடும். நீலப் பரப்பில் பாசியின் உருவம் வெண்மையாய்த் தோன்றும். படத்தை நிலைநிறுத்த வேறு மருந்து வேண்டா, தண்ணீரே போதும்.

எனினும் இந்நீலத்திற்கும் பகை உண்டு. சோப்பு, சலவைச் சோடா போன்ற காரப்பொருள்கள் அதனைச் சிதைத்துவிடும். நெடுநாள் ஒளி பட்டாலும் அது வெளிறும். ஆனால் அவ்வாறு வெளிறிய படத்தை இருளில் வைப்பின், காற்றிலுள்ள ஆக்ஸிஜனால் பெரிதும் பழைய நிறம் பெறும்.

அம்மையார் தம் நூலின் முதற்பகுதியை 1843இல் வெளியிட்டார். 1853இல் பணியை நிறைவேற்றினார். ஒளிப்படங்களால் விளக்கம் பெற்ற முதல் நூல் இதுவே என்பர். பிற்காலத்தில் பொறியாளர்களும் கட்டட வரைபடங்களைப் படியெடுக்க இம்முறையையே மேற்கொண்டனர். நீலத்தாளில் வெண்கோடுகளாய் அவை விளங்கின.

நூலின் முன்னுரையில் அம்மையார் தம் பெயரை முழுமையாக எழுதாது, ‘ஏ. ஏ.’ என்னும் முதலெழுத்துக்களை மட்டும் குறித்தார். புகழை நாடாத அவர் உழைப்பை அந்நீலத்தாள்கள் இன்றும் காட்டி நிற்கின்றன.